2070-க்கு இன்றைக்கு வாக்குக் கொடுத்தால், தவறும்போது யாரைக் கேட்பது?

தென்காசி வாத்தியார்:

பதினோராம் வகுப்புக்குப் பொருளியல் எடுக்கிறேன். போன வாரம் பேச்சு 'நிகர பூஜ்ஜியம்' பக்கம் போனது, அதாவது ஒரு நாடு வெளிவிடும் கார்பனும் திரும்ப உறிஞ்சப்படும் கார்பனும் சமமாவது. 2021 நவம்பர் 1 அன்று கிளாஸ்கோவில் பிரதமர் மோடி இந்தியாவுக்கு 2070 என்று அறிவித்தார், சீனா அதற்கு முந்தைய வருடமே 2060 என்று சொல்லிவிட்டது என்று போர்டில் எழுதினேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண், "சார், 2070-ல எனக்கு 62 வயசு. இன்னைக்குச் சொன்னவங்க யாரும் அப்போ பதவியில இருக்க மாட்டாங்க. யாரைப் பிடிச்சுக் கேக்குறது?" என்றாள். மற்ற பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். என்னைக் கேட்டால் அந்தப் பாடத்திலேயே உருப்படியான கேள்வி அதுதான்.

பிரிட்டனின் 2008 சட்டம் பற்றி மேலோட்டமாகத் தெரியும். ஐந்து ஐந்து வருடமாகக் கார்பன் வரம்பு, அதையும் 12 வருடம் முன்கூட்டியே குறித்துவிட வேண்டும், கண்காணிக்கத் தனிக்குழு. காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. நான் கேட்பது நடைமுறை. ஐந்து வருடப் பதவிக்கும் ஐம்பது வருட வாக்குறுதிக்கும் நடுவில் எந்த நாடாவது ஏதாவது ஒரு பிடியை வைத்திருக்கிறதா? வைத்திருந்தால் அது தாங்கியதா? வெளிநாட்டில் இருப்பவர்கள், மின்துறையில் இருந்தவர்கள் கண்ணால் பார்த்ததைச் சொன்னால் நல்லது. மாநாட்டு உரைகளை வெட்டி ஒட்ட வேண்டாம், அதெல்லாம் என்னிடமே இருக்கிறது.

சும்மா ஒரு ஆள்:

பிரிட்டன் சட்டம் நன்றாக இருக்கிறது என்கிறீர்கள். பெட்ரோல், டீசல் கார் விற்பனைக்கு 2030-ல் தடை என்று வைத்திருந்தார்கள். 2023 செப்டம்பரில் அப்போதைய பிரதமர் சுனக் வந்து 2035 என்றார். அடுத்து வந்த லேபர் அரசு மறுபடி 2030 என்றது. கார் கம்பெனிக்காரன் எந்தக் காலண்டரை மாட்டுவான்? எல்லாம் வாய்தா வாங்குகிற வேலை சார். அந்தப் பெண்ணிடம் அப்படியே சொல்லிவிடுங்கள்.

கொலோன்வாசி:

வாத்தியார் சார், உங்கள் மாணவி கேட்டதையே கேட்டு ஜெர்மனியில் சிலர் கோர்ட்டுக்குப் போனார்கள். பாதி ஜெயித்தார்கள். அந்தப் பாதியையும் அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்கிறேன், கொஞ்சம் நீளம்.

முதலில் நான் யார் என்று. கொலோனில் அடுக்குமாடி வீடுகளை நிர்வாகம் செய்யும் சிறிய ஆபீஸில் வேலை. கூரை ஒழுகல், லிஃப்ட் ரிப்பேர், வருஷாந்தர ஹீட்டிங் பில், வீட்டு உரிமையாளர் கூட்டம். சட்டம் படித்தவள் இல்லை. இங்கே ஒரு காலநிலைச் சட்டம் வந்தால் அது கடைசியில் வந்து இறங்குவது எங்கள் கட்டடங்களின் பேஸ்மென்டில்தான். அதனால் எனக்குத் தெரிந்தது அந்தப் பக்கத்துக் கதை.

2019 டிசம்பரில் காலநிலைச் சட்டம் வந்தது. 1990-ஐவிட 2030-க்குள் பசுமைக்குடில் வாயு உமிழ்வு 55 சதவீதம் குறைய வேண்டும். போக்குவரத்து, கட்டடம், தொழில், விவசாயம் என்று துறைவாரியாக, வருடவாரியாக அளவு போட்டிருந்தார்கள். 2030 வரை எல்லாம் கச்சிதம். அதற்குப் பிறகு என்ன? 2025-ல் அரசு ஓர் ஆணை போட்டு முடிவு செய்யும் என்பதோடு சரி.

வழக்குப் போட்டவர்களில் வட கடலில் இருக்கும் பெல்வோர்ம் தீவின் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள் உண்டு. கரையணை இல்லாவிட்டால் அந்தத் தீவின் வயல்களில் கடல் நிற்கும். வங்கதேசம், நேபாளத்திலிருந்துகூட ஆட்கள் மனுவில் இருந்தார்கள். கார்ல்ஸ்ரூவேயில் உள்ள அரசியல் சாசன நீதிமன்றம் 2021 மார்ச் 24 தேதியிட்ட தீர்ப்பை ஏப்ரல் 29 அன்று வெளியிட்டது.

தீர்ப்பின் உள்ளே இருப்பது ஒரு கூட்டல் கழித்தல் கணக்குதான். 2020 முதல் ஜெர்மனி இன்னும் வெளிவிடக் கூடியது மொத்தமே 6.7 பில்லியன் டன் கார்பன் டைஆக்சைடு என்று அரசின் சுற்றுச்சூழல் நிபுணர் குழு கணக்குப் போட்டிருந்தது. 55 சதவீதப் பாதையில் போனால் 2030-க்குள் அதில் பெரும்பகுதி காலி. ஒரு பில்லியன்கூட மிஞ்சாது. அப்புறம் 2031-ல் இருப்பவர்கள் கார் ஓட்டுவது, வீட்டைச் சூடாக்குவது, தொழில் நடத்துவது எல்லாவற்றையும் சட்டென்று சுருக்க வேண்டி வரும். இன்றைக்கு நீங்கள் அனுபவிக்கும் சுதந்திரத்தை அவர்கள் சுதந்திரத்திலிருந்து எடுக்கிறீர்கள், அதனால் 2030-க்குப் பிறகான வழியையும் சட்டத்திலேயே எழுதுங்கள் என்றது நீதிமன்றம். 'அரசு எங்களைக் காப்பாற்றத் தவறிவிட்டது' என்ற வாதத்தை மட்டும் ஏற்கவில்லை. பாதி என்று சொன்னது அதனால்தான்.

அதற்குப் பிறகு வந்த வேகம் இருக்கிறதே! அந்த வருடம் செப்டம்பர் 26 தேர்தல். எந்தக் கூட்டணி 2019 சட்டத்தை எழுதியதோ அதே கூட்டணி தீர்ப்பை வரவேற்றது. மே 12 அன்று அமைச்சரவை புது எண்களை ஒத்துக்கொண்டது. 2030-க்கு 65 சதவீதம், 2040-க்கு 88, நிகர பூஜ்ஜியம் 2050-க்குப் பதில் 2045. ஜூன் 24 அன்று நாடாளுமன்றத்திலும் பாஸ். எட்டே வாரம்.

நானும் அன்றைக்கு மகிழ்ந்தவள்தான். இப்போது யோசித்தால், 2050-ஐ 2045 ஆக்கியதற்கு அன்று யாருக்கும் ஒரு காசு செலவில்லை. ஓட்டும் போகவில்லை. செலவு வைக்கிற தேதி 2023-ல் வந்தது.

இங்கே கிட்டத்தட்ட பாதி வீடுகள் கேஸில்தான் சூடாகின்றன. பேஸ்மென்டில் பீரோ அளவுக்கு ஒரு பாய்லர், அதிலிருந்து மாடிக்கு மாடி சுடுநீர்க் குழாய், ஒவ்வொரு ஜன்னலுக்குக் கீழேயும் ஒரு ரேடியேட்டர். நல்ல பாய்லர் 20, 25 வருடம் ஓடும். 2023-ல் மாட்டினால் 2045 பக்கம் வரை அது எரிந்துகொண்டுதான் இருக்கும். ஆக 2045-ஐக் காப்பாற்ற வேண்டுமானால் முடிவு 2023-லேயே எடுத்தாக வேண்டும். அரசு அதைப் புரிந்துகொண்டுதான் மசோதா கொண்டுவந்தது. 2024 ஜனவரி 1 முதல் புதிதாக மாட்டும் ஹீட்டிங் 65 சதவீதமாவது புதுப்பிக்கத்தக்க ஆற்றலில் ஓட வேண்டும் என்று. வரைவு முன்கூட்டியே பத்திரிகைக்குக் கசிந்தது, ஊரே கொதித்தது.

அந்த வசந்தத்தில் எங்கள் பொறுப்பில் இருந்த ஒரு கட்டடத்தில் உரிமையாளர் கூட்டம். பாய்லர் 1998 மாடல், இரண்டு குளிர்காலம் தாங்கினால் பெரிது. மேஜையில் இரண்டு கொட்டேஷன். ஒன்று கேஸ். இன்னொன்று ஹீட் பம்ப் (வெளியிலிருக்கும் வெப்பத்தை மின்சாரத்தால் உள்ளே இழுத்து வீட்டைச் சூடாக்கும் யந்திரம்), மானியம் கழித்தும் கேஸைப் போல இரண்டு மடங்குக்கு மேல். பாய்லர் கடைக்காரர், "இப்போதே கையெழுத்துப் போட்டால் சட்டம் வருமுன் மாட்டிவிடலாம், ஆர்டர் குவிகிறது" என்கிறார். தரைத்தளத்தில் இருக்கும் பெரியவருக்கு 81 வயது. "உங்கள் 2045 எனக்கு எதற்கு?" என்று நேராகவே கேட்டார். அவர் கேட்டதில் தப்பொன்றும் இல்லை, ஓய்வூதியத்தில் இருப்பவர், வங்கியும் கடன் தராது. மேல் மாடியில் கைக்குழந்தையோடு புதிதாக வீடு வாங்கியிருந்த தம்பதி கடைசிவரை வாய் திறக்கவில்லை. கேஸ் பாய்லருக்கே பெரும்பான்மை. மினிட்ஸ் எழுதியது நான். காரணம் என்ற இடத்தில் 'சட்டம் அமலுக்கு வருமுன் பொருத்துவது' என்று இருக்கிறது.

நாடு முழுக்க இதே கதைதான். 2023-ல் விற்ற கேஸ் பாய்லர் சுமார் 7.9 லட்சம், முந்தைய வருடத்தைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல். நியாயமாகச் சொன்னால் ஹீட் பம்பும் அந்த வருடம் எகிறியது, 3.56 லட்சம். ஆனால் தேதியைக் கேட்டு மிரண்டு ஓடியவர்கள்தான் அதிகம்.

இன்னொரு கூத்து. ஜூலை முதல் வாரத்தில் மசோதாவை அவசரமாக நிறைவேற்றப் பார்த்தார்கள். எதிர்க்கட்சி எம்.பி. தாமஸ் ஹைல்மன், சுமார் நூறு பக்கத் திருத்தங்களைப் படிக்கவே நேரம் தரவில்லை என்று கார்ல்ஸ்ரூவேக்குப் போனார். ஜூலை 5 அன்று நீதிமன்றம் அந்த வார வாக்கெடுப்பை நிறுத்திவிட்டது. இரண்டு வருடத்துக்கு முன் 'ரொம்பத் தள்ளிப்போடுகிறீர்கள்' என்று குட்டிய அதே நீதிமன்றம், இப்போது 'ரொம்ப அவசரப்படுகிறீர்கள்' என்றது. அமர்வு வேறு வேறு, சரி. இரண்டுமே நியாயமாகத்தான் படுகிறது, அதுதான் தலைவலி. செப்டம்பர் 8 அன்று ஒரு வழியாகச் சட்டம் பாஸானது. ஆனால் பழைய கட்டடங்களுக்கு விதி உடனே இல்லை, ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள் இருக்கும் நகரங்களில் 2026 நடுவில், மற்ற ஊர்களில் 2028 நடுவில் என்று தள்ளிவிட்டார்கள்.

ஓய்வு ஈ.பி. இன்ஜினியர்:

அம்மா சொன்னது பீரோ அளவு பாய்லர். நான் வேலை பார்த்த பாய்லர் பத்து மாடிக்கு மேல் உயரம். கணக்கு ஒன்றுதான்.

நெய்வேலி முதல் அனல்மின் நிலையம் தெரியும்தானே. சோவியத் உதவியோடு கட்டியது, 600 மெகாவாட். முதல் யூனிட் ஓடத் தொடங்கியது 1962. முழுவதும் மூடியது 2020. காகிதத்தில் இந்த மாதிரி நிலையத்துக்கு ஆயுள் 25 வருடம் என்பார்கள். ஓடியது 58. நடுவில் எத்தனை முதலமைச்சர், எத்தனை பிரதமர் என்று வாத்தியார் பிள்ளைகளை எண்ணச் சொல்லலாம். எண்ணூர் 2017 மார்ச்சில் மூடியது. வட சென்னை மூன்றாம் நிலை, 800 மெகாவாட், 2024 மார்ச்சில் திறந்தது. எத்தனை வருடம் ஓடும் என்று நீங்களே கூட்டிப் பாருங்கள்.

அரசியல்வாதிக்கு ஐந்து வருடத்துக்கு மேல் பார்வை கிடையாது என்று எல்லோரும் சொல்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தனியார் நிலையத்தோடு 25 வருட மின்கொள்முதல் ஒப்பந்தம் போடுகிறார்கள். மின்சாரம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் நிலைக்கட்டணம் கட்டியாக வேண்டும். ஐந்து வருடம் இருக்கப் போகிறவர் போடும் ஒரு கையெழுத்து அடுத்த நான்கு ஆட்சியையும் கட்டிப்போடுகிறது. ஆடி மாதம் முப்பந்தல் காற்றாலைகள் பக்கம் காற்று பிய்த்துக்கொண்டு அடிக்கும், இந்தப் பக்கம் நிலக்கரிக்காரருக்கும் காசு போய்க்கொண்டிருக்கும். நீண்ட காலத்துக்கு முடிவெடுக்க அவர்களுக்கு நன்றாகவே வரும். ஒப்பந்தம் என்றால் வரும், வாக்குறுதி என்றால் வராது.

'சும்மா ஒரு ஆள்' தம்பிக்கு: பிரிட்டனில் கார் தேதி ஆடியது உண்மை. நிலக்கரித் தேதி ஆடவில்லையே. 2025-க்குள் மூடுவோம் என்று 2015-ல் அறிவித்தார்கள், பிறகு 2024 என்று ஒரு வருடம் முன்னால்கூட இழுத்தார்கள். 2024 செப்டம்பர் 30 அன்று கடைசி நிலையமான ராட்கிளிஃப் நின்றது. கேமரூனில் தொடங்கி ஸ்டார்மர் வரை ஆறு பிரதமர்கள். எப்படி முடிந்தது? 2013-லிருந்தே மின்நிலையம் வெளிவிடும் கார்பனுக்குக் கட்ட வேண்டிய ஒரு குறைந்தபட்ச விலை வைத்திருந்தார்கள், நிலக்கரி ஓட்டுவது நஷ்டமாகிவிட்டது. பக்கத்தில் கேஸ் நிலையங்கள் இருந்தன, கடலில் காற்றாலை வந்தது. தேதி வந்தபோது மூடுவதற்கு அதிகம் மிச்சமில்லை.

இன்னொன்று. ஜெர்மனி 2045, நாம் 2070 என்பதில் எனக்கு வெட்கமில்லை. அங்கே தலைக்கு வருடம் சுமார் 7 டன் கார்பன் டைஆக்சைடு, இங்கே சுமார் 2 டன். அவர்கள் நூற்றைம்பது வருடமாக எரித்தவர்கள், நாம் நேற்று வந்தவர்கள். நமக்கு அவகாசம் கேட்க உரிமை உண்டு. ஐ.நா.விடம் 2030-க்கு என்று கொடுத்த உறுதியில், நிறுவுதிறனில் (எல்லா நிலையங்களும் முழுவதும் ஓடினால் தரக்கூடிய அளவு) பாதி நிலக்கரி, எரிவாயு சாராததாக இருக்கும் என்பதை 2025-லேயே எட்டியாயிற்று. (நிறுவுதிறன் வேறு, ஓடுகிற மின்சாரம் வேறு. ஓடுவதில் பெரும்பங்கு இன்னும் நிலக்கரிதான். பாடத்தில் இதைக் குழப்பாமல் சொல்லிக் கொடுங்கள்.) ஆனால் 2070 என்ற எண் நம் நாடாளுமன்றச் சட்டம் எதிலும் கிடையாது. 2040-ல் எவ்வளவு, 2050-ல் எவ்வளவு என்று கேட்கப் பிடி இல்லை. அந்தப் பெண் கேட்டது அங்கேதான் வந்து நிற்கிறது.

தென்காசி வாத்தியார்:

இருவருக்கும் நன்றி. எழுதி வைத்துக்கொண்டேன்.

ஒரு சந்தேகம். நீதிமன்றம் போய்த் தேதி வாங்குவது நமக்கு ஒத்துவருமா? 2024-ல் கானமயில் வழக்கில் நம் உச்ச நீதிமன்றமும், காலநிலை மாற்றத்தின் தீங்குகளிலிருந்து காக்கப்படும் உரிமை அரசியல் சாசனத்தின் 14, 21 பிரிவுகளுக்குள் வரும் என்றது. தேதி எதையும் வைக்கவில்லை. அந்த வழக்கில் எதிரும் புதிருமாக நின்றவையே பறவையும் சூரிய மின்சாரத்துக்கான கம்பித்தடமும்தான்.

கொலோன் அம்மாவுக்கு: துறைவாரியாக, வருடவாரியாக அளவு என்றீர்களே. ஒரு துறை தவறினால் யார் வந்து பதில் சொன்னார்கள்? எனக்கு வேண்டிய பிடி அதுதான்.

கொலோன்வாசி:

சரியான இடத்தைப் பிடித்தீர்கள் சார். 2019 சட்டத்தில் எனக்குப் பிடித்த ஒரே பகுதி அது. ஒரு துறை அந்த வருட அளவைத் தாண்டினால், அந்தத் துறை அமைச்சர் மூன்று மாதத்துக்குள் சரிசெய்யும் அவசரத் திட்டம் கொடுக்க வேண்டும். 2045-ல் யாரோ ஒருவர் என்று இல்லை, இந்த வருடம், இந்த அமைச்சர், பெயரோடு. உங்கள் மாணவிக்கு அதைவிட நேரடியான பதில் நான் எங்கும் பார்க்கவில்லை.

தாங்கியதா என்றால், தாங்கவில்லை. போக்குவரத்தும் கட்டடமும் திரும்பத் திரும்பத் தவறின. கடைசியில் 2024 ஏப்ரலில் போக்குவரத்து அமைச்சர் வோல்கர் விஸ்ஸிங், சட்டத்தை மாற்றாவிட்டால் சனி, ஞாயிறு கார் ஓட்டத் தடை போட வேண்டி வரும் என்று கடிதம் எழுதி ஊரை மிரட்டினார். கார் ஓட்டாத ஞாயிறு என்றால் இங்கே ஆட்சியே கவிழும். அதே மாதம் 26-ஆம் தேதி நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது, ஜூலையில் அமலுக்கு வந்தது. இப்போது துறைவாரிக் கட்டாயம் போய்விட்டது. எல்லாத் துறையையும் மொத்தமாகக் கூட்டி, 2030 வரை தேறுமா என்று முன்கணிப்புப் பார்ப்பார்கள். தொடர்ந்து இரண்டு வருடம் தேறாது என்று வந்தால்தான் அரசு எதையாவது செய்ய வேண்டும். இரண்டு வருடம் என்பது இங்கே ஒரு நாடாளுமன்றத்தின் பாதி ஆயுள்.

கவனித்தீர்களா, 2045-ஐ யாரும் தொடவில்லை. தூரத்துத் தேதி பத்திரமாக இருக்கிறது. எடுத்துப்போட்டது வருஷக் கணக்கைத்தான். 2025-ல் வந்த அரசின் கூட்டணி ஒப்பந்தத்தில் ஹீட்டிங் சட்டத்தை ஒழிப்போம் என்றே எழுதினார்கள், 2045-ஐ விட்டுவிட்டார்கள்.

நீதிமன்றம் பற்றி: தேதியை அது வைக்கவில்லை, நாடாளுமன்றத்தை வைக்கச் சொன்னது. அந்த வித்தியாசம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆனால் வருஷக் கணக்கை எடுத்துவிட்ட பிறகு நீதிபதியும் எத்தனை தடவை வந்து கதவைத் தட்டுவார்?

மிச்சமிருக்கும் ஒரே வருஷக் கணக்கு விலை. இங்கே கேஸ், பெட்ரோலுக்குக் கார்பன் விலை 2021-ல் டன்னுக்கு 25 யூரோ, 2025-ல் 55. அது நான் அனுப்பும் ஹீட்டிங் பில்லில் தனி வரியாக வருகிறது, வாடகைக்கு விட்ட வீடென்றால் உரிமையாளருக்கும் குடியிருப்பவருக்கும் பங்கு பிரித்து. அந்தக் கட்டடத்தில் புது பாய்லர் நன்றாக ஓடுகிறது. 2024 தொடக்கம் முதல் மாட்டிய கேஸ் பாய்லர்கள் 2029 முதல் 15 சதவீதம் பயோகேஸ் போன்றவற்றில் ஓட வேண்டும் என்று எழுதினார்கள், எங்களுடையது முன்னாலேயே மாட்டியது, அதனால் தப்பித்தது. போன பில் போனதும் மேல் மாடித் தம்பதியிடமிருந்து ஒரு மெயில். 'இந்த வரி அடுத்த வருடம் எவ்வளவு ஆகும்? இப்போது ஹீட் பம்புக்கு மாற எத்தனை பேர் ஓட்டு வேண்டும்?' பாய்லர் போட்டு முழுசாக மூன்று வருடம் ஆகவில்லை. கூட்டத்தில் வைக்கலாம் என்று பதில் போட்டிருக்கிறேன், ஜெயிக்காது.

சும்மா ஒரு ஆள்:

அதாவது அமைச்சரைக் கேட்க முடியாது, பில் மட்டும் நம்மைக் கேட்கும். நான் முதலில் சொன்னதுதான், இப்போது ஜெர்மன் விவரங்களோடு.

தென்காசி வாத்தியார்:

தம்பி, முழுக்க அப்படியும் இல்லை. அந்த வருஷக் கணக்கு நான்கைந்து வருடம் இருந்ததால்தான் எந்த அமைச்சர் தவறினார் என்று நமக்கே தெரிகிறது. நம் பக்கம் அதுகூட இல்லை.

திங்கட்கிழமை பிள்ளைகளுக்கு ஒரு கணக்குக் கொடுக்கப் போகிறேன். வட சென்னை மூன்றாம் நிலை எந்த வருடம் மூடும்? ஈ.பி. சார், ஆயுளுக்கு எந்த எண்ணை எடுக்கச் சொல்லட்டும்? ஒப்பந்தக் காலமா, இயந்திர ஆயுளா?

ஓய்வு ஈ.பி. இன்ஜினியர்:

வட சென்னை நம் சொந்த நிலையம், தனியார் ஒப்பந்தம் மாதிரி பார்க்க வேண்டாம். மூன்று விதமாகப் போடச் சொல்லுங்கள். ஒழுங்குமுறை ஆணையக் கணக்கில் 25 வருடம், அப்படியானால் 2049. பராமரிப்புப் பார்த்து, டர்பைன் பாகங்களை மாற்றி ஓட்டினால் 40 தாராளம், 2064. நெய்வேலி மாதிரி விட்டால் 2082.